எட்டுத் துண்டு இறைச்சி

அத்தியாயம் பதினாறு

கத்தெல்லோ இரண்டு சட்டையையும் சவரக் கத்தியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அக்கா தித்தீனாவின் வீட்டுக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. சண்டைக்குக் காரணம் ஒரு ரேடியோ. கப்பல் கட்டும் தளத்தில் முப்பது வருஷம் இரும்புச் சத்தத்தில் நின்ற மனுஷர், ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததும் ரேடியோவைக் காது கிழிய வைத்தார். மனைவி எர்மெலிண்டா போய் அதை அணைத்தாள். அவ்வளவுதான் நடந்தது.

போனவர் அவர், அதனால் திரும்பி வரவேண்டியவரும் அவர்தான் என்பது எர்மெலிண்டாவின் கட்சி. அணைத்தவள் அவள், வந்து கூப்பிட வேண்டியவளும் அவள்தான் என்பது கத்தெல்லோவின் கட்சி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது இரண்டே தெரு. ஆனால் எங்கள் கஸ்தெல்லம்மாரே ஊரில் பிறந்தவர்களுக்கு வீம்பு வந்துவிட்டால் இரண்டு தெருவைத் தாண்ட ஆயுசு போதாது.

இந்த நேரம் பார்த்துத்தான் மகன் லிபெராத்தோவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. பெண் ஒர்னெல்லா, பெனவெந்தோ ஊர்க்காரி. பெண் வீட்டார் முதல் தடவையாக வருகிறார்கள். ஞாயிறு மதியம் கூப்பிடுவதுதான் முறை. பெண்ணின் அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வேலை இருப்பதால் சனிக்கிழமை இரவுச் சாப்பாடு என்று முடிவாயிற்று. முதல் விருந்தை மாப்பிள்ளையின் அம்மா தன் கையால் சமைத்துப் போட வேண்டும். அப்பாவும் வந்து மேசைத் தலைமாட்டில் உட்காருவார் என்று லிபெராத்தோ போன வாரம் சொல்லிவிட்டுப் போனான்.

எர்மெலிண்டா அன்றிலிருந்து தரையில் நடக்கவில்லை. அவர் ஒரு வேளை வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் போதும். மன்னிப்பு வேண்டாம், பேச்சுக்கூட வேண்டாம். தன் மேசை மறுபடியும் ஒரு குடும்பத்தின் மேசையாக வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே இறைச்சிக்கடை வாசலில் நின்றாள்.

"எட்டு துண்டு, அனியெல்லோ. சுருள் வைக்கறதுக்கு. பின்தொடையில வெட்டு. மடிச்சா கிழியக் கூடாது, கடிச்சா இழுக்கக் கூடாது."

கடைக்காரன் அனியெல்லோவின் கத்தி பாதியில் நின்றது. "எட்டா? எட்டுதான் நேத்தே போயிடுச்சேக்கா."

"எங்க போச்சு?"

"உங்க நாத்தனார்தான் வாங்கிட்டுப் போனாங்க. பெனவெந்தோ சம்பந்திங்க வர்றாங்க, கொழுப்பில்லாம பாத்துக் குடுன்னாங்க. நான் உங்களுக்காகத்தான் வாங்கறாங்கன்னு நெனச்சேன்."

விருந்துக்கு இறைச்சிச் சுருள் வைக்கத் துண்டு வாங்கும்போது எங்கள் ஊரில் தலைக்கு ஒன்று என்று வாங்குவோம். ஒன்று கூட வாங்கினால் பவிசு காட்டுகிறாள் என்பார்கள். ஒன்று குறைந்தால் மானம் போகும். அதனால் எந்த வீட்டு மேசையில் எத்தனை பேர் என்பது பாதிரியாருக்குத் தெரியுமுன் இறைச்சிக்கடைக்காரனுக்குத் தெரிந்துவிடும். இதை அனியெல்லோவும் அந்த நிமிஷத்தில் நினைத்திருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்க்காமல் இறைச்சியைப் பார்த்தான்.

"அது வேற விருந்து," என்றாள் எர்மெலிண்டா. "நாளைக்கு. நீ வெட்டு."

பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடக்கும்போது விரல்விட்டு எண்ணினாள். ஒர்னெல்லா, அவள் அப்பா, அம்மா, அண்ணன், அண்ணன் மனைவி, ஐந்து பேர். லிபெராத்தோ ஆறு. கத்தெல்லோ ஏழு. தன்னைச் சேர்த்தால் எட்டு. தித்தீனாவின் எட்டிலும் அதே ஏழு பேர்தான் இருக்க முடியும். எட்டாவது ஆள் தித்தீனா. எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் அந்த எட்டில் எர்மெலிண்டா வரவில்லை.

நான்கு மாடி ஏறி வீட்டுக்கு வந்ததும் மகனுக்குப் போன் போட்டிருக்கலாம். போடவில்லை. கேட்டால்தானே பதில் வரும்? கேட்காமல் சமைத்துவிட்டால் விருந்து நடந்துவிடும் என்று ஒரு கிறுக்கு நம்பிக்கை. அடுப்பை மூட்டிவிட்ட வீட்டை விட்டுவிட்டு யார் எங்கே போவார்கள்?

இறைச்சியைப் பலகையில் பரப்பிக் கட்டையால் தட்டினாள். ஒவ்வொரு துண்டிலும் உப்பும் மிளகும் தூவி, பொடியாக அரிந்த பூண்டு, பார்ஸ்லி, துருவிய ஆட்டுப்பால் சீஸ், பைன் கொட்டை, ஊறவைத்த உலர்ந்த திராட்சை என்று வைத்தாள். ஓரங்களை உள்ளே மடக்கிச் சுருட்டி வெள்ளை நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டினாள். தித்தீனா திராட்சை போடமாட்டாள். அது இறைச்சிக்கா, கேக்குக்கா என்று முப்பத்தொரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மண் சட்டியில் பன்றிக் கொழுப்பும் எண்ணெயும் காய, வெங்காயம் கரைய, சுருள்கள் எல்லாப் பக்கமும் சிவந்தன. சிவப்பு ஒயினை ஊற்றி அது வற்றியதும், ஆகஸ்டில் புட்டியில் அடைத்து வைத்த தக்காளிச் சாற்றைச் சேர்த்தாள். தீயை அணைவதற்கு ஒரு நூல் முன்னால் நிறுத்தினாள். மூடிக்கும் சட்டிக்கும் நடுவே மரக்கரண்டியைச் செருகினாள். இனி ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் குழம்பு ஒரு குமிழி, இன்னொரு குமிழி என்று நிதானமாக மூச்சுவிட வேண்டும். அதுவரை சமைக்கிறவள் பக்கத்தைவிட்டு நகரக் கூடாது. அடி பிடித்தால் அந்தக் கசப்பை எந்தச் சாமியாலும் எடுக்க முடியாது.

பன்னிரண்டரைக்குக் கூடத்தில் போன் அடித்தது.

"அம்மா... சாப்டியா?" லிபெராத்தோ.

"நீ என்னிக்குடா இதைக் கேட்டிருக்க? விஷயத்துக்கு வா."

"இல்ல... இன்னிக்கு ராத்திரி... அத்தை வீட்டுல வெச்சுக்கலாம்னு..."

"யார் சொன்னது?"

"எல்லாரும் பேசித்தான்..."

"எல்லாரும்னா? என்கிட்ட யாரும் பேசலியே."

"அப்பா அங்க வரமாட்டேங்கறாரும்மா. கடைசி நேரத்துல பின்வாங்கிட்டாரு. நான் படியேறினா தோத்துட்டேன்னு ஊர் பேசும்ங்கறாரு. ஒர்னெல்லா அப்பா ஒரு மாதிரி. அப்பா ஒரு வீடு, அம்மா ஒரு வீடுன்னு தெரிஞ்சா பொண்ண அப்படியே திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுவாரு. அத்தை வீட்டுல விருந்துன்னா எதுவும் வெளிய தெரியாம..."

"சரி. அந்த வீட்டுல நான் எங்க உக்காரணும்?"



"நீயும் அத்தையும் ஒரே மேசையில உக்காந்தா பத்து நிமிஷத்துல வெடிச்சுடும்னு அப்பா பயப்படறாரு. அதனால... உனக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டேம்மா."

"எத்தனை டிகிரி?"

"என்னம்மா?"

"காய்ச்சல் எத்தனை டிகிரின்னு கேக்கறேன். யாராச்சும் விசாரிச்சா நானும் அதையேதானே சொல்லணும்?"

"அம்மா, ப்ளீஸ்..."

"முப்பத்தொன்பதுன்னு சொல்லு. அதுக்குக் கம்மின்னா எழுந்து வந்திருக்கலாமேன்னு கேப்பாங்க."

போனை வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள். குழம்பு தன்பாட்டுக்குக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. அணைக்கத்தான் கை போனது, ஆனால் அணைக்கவில்லை. நாற்காலியை அடுப்பின் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். அதுகூட வரவில்லை.

நாலு மணிக்கு எழுந்து மேசை விரிப்பை எடுத்து விரித்தாள். எட்டுத் தட்டு, எட்டுக் கண்ணாடி டம்ளர், தலைமாட்டில் கை வைத்த நாற்காலி. பிறகு திராட்சை நிறத்து உடுப்பைப் போட்டுக்கொண்டு, தோடு மாட்டி, லேசாக உதட்டுச் சாயமும் பூசினாள். காய்ச்சல்காரிக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

ஐந்தே முக்காலுக்கு வாசல் மணி அடித்தது. கத்தெல்லோ. சாவி அவரிடமே இருக்கிறது, இருந்தும் விருந்தாளியாக மணி அடித்துவிட்டு நின்றார். அவள் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. படியேறிவிட்டாரே!

"வா," என்றாள்.

அவர் வரவில்லை. நிலைப்படியில் நின்று தொப்பியைக் கையில் சுற்றினார். சட்டையில் தீய்ந்த வாடை.

"அக்கா முடி சுருட்டிக்கப் போனா. சட்டியைப் பாத்துக்கோன்னா."

"நீ பாத்துக்கிட்டியா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ரேடியோல சைக்கிள் பந்தயம். கடைசி ஏத்தம்..."

"அடி பிடிச்சிடுச்சு."

"அடி என்ன, மேல வரைக்கும். தெருவே மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்குது. அக்கா தலை நிறைய கிளிப்போட ஓடி வந்து அழறா."

எர்மெலிண்டாவுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல காலமாக இருந்திருந்தால் இருவரும் சேர்ந்தே சிரித்திருப்பார்கள். ஆனால் அவர் கண் அவள் தோளைத் தாண்டி அடுப்பில் இருந்த மண் சட்டிக்குப் போனது. அந்தப் பார்வையைப் பார்த்ததும் அவர் எதற்குப் படியேறினார் என்று புரிந்துவிட்டது.

"எப்ப வர்றாங்க?"

"ஏழரைக்கு. புதுசா வைக்க நேரமில்ல." தொண்டையைக் கனைத்தார். "பையனுக்காகத்தான் கேக்கறேன், எர்மெலி."

சட்டியைத் தூக்கி மாடியிலிருந்து போட வேண்டும் போல ஆத்திரம் வந்தது. என் மேசை வேண்டாம், என் சட்டி வேண்டுமா? என்னைக் கண்டால் கூச்சம், என் குழம்பைக் கண்டால் நாக்கு ஊறுகிறதா? எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் லிபெராத்தோ கண் முன்னே நின்றான். சம்பந்திகளுக்கு எதிரே காலி மேசையில், கடையில் வாங்கிய கோழியைப் பிய்த்து வைத்துக்கொண்டு, காது சிவக்கச் சிவக்க.

இரண்டு துணித் துண்டுகளைத் தடியாக மடித்துச் சட்டியைச் சுற்றிக் கட்டினாள்.

"ஆட்டாதே. கொண்டுபோனதும் சின்னத் தீயில வை. குழம்பு முதல்ல பாஸ்தாவுக்கு. சுருளை அதுக்கப்புறம் தனியா எடுத்து வைக்கணும். ஒவ்வொண்ணுலயும் நூலை அறுக்கணும். சம்பந்தி வாயில நூல் வந்துச்சுன்னா உங்க அக்கா மானம்தான் போகும்."

"சரி."

"திராட்சை போட்டிருக்கேன். உங்க அக்கா இன்னிக்கு ஒருநாள் அதைப் பிடிக்கும்னு சொல்லிக்கட்டும்."

"சரி, சரி."

மூடியைப் பிடித்துக்கொண்டே ஒரு நிமிஷம் நின்றாள். 'நீயும் வா.' இரண்டே வார்த்தை. சொல்லியிருந்தால் உடனே கிளம்பியிருப்பாள். ஓரத்தில் ஒரு முக்காலி போட்டாலும் உட்கார்ந்திருப்பாள். தித்தீனா என்ன கிண்டினாலும் வாயைத் திறந்திருக்கமாட்டாள். அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவர்.

கத்தெல்லோ சட்டியை வாங்கினார். அப்போதுதான் கூடத்து மேசையைப் பார்த்தார். எட்டுத் தட்டையும் தலைமாட்டு நாற்காலியையும் பார்த்தார். வாய் திறந்தது.

"சூடா இருக்கு," என்றார், சட்டியை. இறங்கிப் போனார்.

காலடிச் சத்தம் இரண்டாம் மாடியில் ஒரு தடவை நின்றது. எர்மெலிண்டா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்டாள். கை மாற்றிக்கொண்டிருக்கிறார். மறுபடி நடந்தார். தெருக்கதவு சாத்திய சத்தமும் கேட்டது.

உள்ளே வந்தபின்தான் தனக்கென்று ஒரு சுருள்கூட எடுத்து வைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. வாணலியில் ஒட்டியிருந்ததை ரொட்டியால் துடைத்துத் தின்னலாம் என்றால் வாணலியும் இல்லை, எல்லாம் ஒரே சட்டியில் நடந்த வேலை. ரொட்டியை வெறுமனே கடித்தாள்.

இனி சன்னலையும் திறக்க முடியாது. சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கடற்கரைப் பக்கம் ஒரு நடை போவார்கள், அந்த வழி இந்தக் கட்டடத்தின் கீழேதான் போகிறது. முப்பத்தொன்பது டிகிரி காய்ச்சல்காரி விளக்கைப் போட்டுக்கொண்டு பால்கனியில் நிற்பது சரியாக இருக்காது. சன்னல் கதவுகளைச் சாத்தி, கூடத்து விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு, தன் வீட்டில் தானே ஒளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாலு மாதமாகத் தனியாகத்தான் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். அது அவளுக்கு இவ்வளவு கனமாக இருந்ததில்லை. கோபம் அவள் கூடவே இருந்தது. இரண்டு தெருவுக்கு அந்தப்பக்கம் ஒரு மனுஷர் தன்னை நினைத்துக் கருவிக்கொண்டிருக்கிறார் என்பதே ஒரு துணையாக இருந்தது. இன்றைக்கு அந்தத் துணையும் போய்விட்டது. இப்போது அங்கே தட்டுகள் சத்தமிடும், யாராவது ரொட்டியைக் கேட்பார்கள், கத்தெல்லோ கப்பல் கதை சொல்வார், ஒருவரும் அவளை நினைக்கப்போவதில்லை. கோயில் மணி எட்டு அடித்தது. அப்புறம் எட்டரையும் அடித்தது. குளிர்ப்பெட்டி உறுமி நின்றதும் வீட்டில் சத்தம் என்று எதுவும் இல்லாமல் போயிற்று.

ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் வாசல் மணி அடித்தது.

கதவைத் திறந்தாள். மூச்சு வாங்க ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். குள்ளம், பருமன், நரையை மறைக்காத தலை. கையில் வெள்ளைத் துணி மூடிய தட்டு. அவளுக்குப் பின்னால் நாலு படி கீழே லிபெராத்தோ, முகத்தில் ரத்தமே இல்லாமல்.

"நான் பல்மீரா, ஒர்னெல்லாவோட அம்மா," என்றாள் வந்தவள். "மன்னிச்சுக்கங்க, படுத்திருந்தவங்கள எழுப்பிட்டேன். உங்க நாத்தனார் அந்தப்பக்கம் போனதும் வீடு எங்கன்னு உங்க பையன அரிச்சு எடுத்துட்டேன். பாவம், வேணாம் வேணாம்னுதான் சொன்னான். ஒருத்தி காய்ச்சல்ல கிடக்கறப்ப அவ பையனுக்குப் பொண்ணு குடுக்கற நான் தின்னுட்டு அப்படியே வண்டியேறிப் போறதா?"

"எதுக்குங்க சிரமம்..." என்றாள் எர்மெலிண்டா.

"இதுல என்ன சிரமம்? தலைக்கு ஒண்ணுதானே, மிச்சம் இருக்காதுன்னு தெரியும். அதான் என் பங்கைத் தொடாம எடுத்து வெச்சேன்." துணியை விலக்கினாள். ஒற்றைச் சுருள், குழம்போடு. "உங்க நாத்தனார் கைப்பக்குவம் சும்மா சொல்லக் கூடாது. காலையிலேர்ந்து பக்கத்தவிட்டு நகரலியாம். ஒரு வாய் சாப்பிடுங்க, தெம்பு வரும்."

தட்டிலிருந்து பூண்டும் தக்காளியும் மணத்தன. எர்மெலிண்டா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாங்கிக்கொண்டு நன்றி சொன்னால் முடிந்துவிடும். லிபெராத்தோ படியில் நின்று கண்ணாலேயே கெஞ்சினான்.

பல்மீரா உடனே புரிந்துகொள்கிற ரகமில்லை, ஆனால் அவளுக்குக் கண் இருந்தது. அது முதலில் திராட்சை நிற உடுப்பைப் பார்த்தது. அடுத்து தோடு. அதன்பின் எர்மெலிண்டாவின் தோளுக்கு மேலாகக் கூடத்தில் விளக்கின் கீழே விரித்துக் கிடந்த மேசை. தட்டைப் பின்னால் நீட்டினாள். லிபெராத்தோ ஏறி வந்து வாங்கிக்கொண்டான்.

பிறகு அவள் எக்கி நின்று, எர்மெலிண்டாவின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள்.

"சூடே இல்லியே," என்றாள் மெதுவாக.

நாலு மாதத்தில் எர்மெலிண்டா மேல் ஒரு மனுஷக் கை படுவது அதுதான் முதல் தடவை. பாத்திரம் கழுவிக் கழுவிக் காய்த்துப்போன, யாரென்றே தெரியாத ஒருத்தியின் கை. இருமியிருக்கலாம். இப்போதுதான் விட்டது, மாத்திரை போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மகனின் கல்யாணம் அந்த ஒரு பொய்யில் தொங்கிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அவளுக்கு ஒரே ஒரு நினைப்புதான் இருந்தது, இந்தக் கையை எடுத்துவிடக் கூடாது.

"அம்மா," என்றான் லிபெராத்தோ.

எர்மெலிண்டா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்குக் காய்ச்சல் இல்லைங்க," என்றாள். "என்னை யாரும் கூப்பிடலை."